ஒரு காலில் மட்டும் வீக்கம்: பிள்ளை பெற்ற வீட்டில் தேய்ப்பைப் பாதியில் நிறுத்திய ஒரு நிகழ்வு

சம்பந்தப்பட்ட பெண்ணிடமும் அவர் அம்மாவிடமும் கேட்டு, சரி என்று அவர்கள் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். பெயர், ஊர், மருத்துவமனை எதுவும் இதில் வராது. நான் ஈரோடு மாவட்டத்தில் 16 வருடமாகப் பெண்களுக்கு மட்டும் மசாஜ் செய்து வருகிறேன். வீட்டுக்குப் போய்ச் செய்யும் வேலைதான் அதிகம், அதில் பாதிக்கு மேல் பிரசவமான பெண்கள். இதே வேலையில் இருப்பவர்களும், புதிதாகக் கற்றுக்கொண்டு வருபவர்களும், வீட்டில் பிள்ளை பெற்ற மகளுக்கு ஆள் வைத்து எண்ணெய் தேய்க்கும் அம்மாக்களும் படிக்க வேண்டும் என்றுதான் விவரமாக எழுதியிருக்கிறேன்.

பின்னணி

அந்தப் பெண்ணுக்கு 29 வயது, முதல் பிரசவம். வலி வந்து ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து பார்த்துவிட்டு, கடைசியில் சிசேரியன் செய்து குழந்தையை எடுத்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகி, இரண்டரை மணி நேரம் காரில் உட்கார்ந்தபடியே தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் அம்மா, அம்மாயி (அம்மாவைப் பெற்றவர்), தம்பி. கணவருக்கு வெளியூரில் வேலை, சனி ஞாயிறு மட்டும் வந்து போவார்.

கவனிப்புக்கு ஒரு குறையும் இல்லாத வீடு. சொல்லப்போனால் கவனிப்பு கொஞ்சம் அதிகம். தையல் போட்ட உடம்பு என்று கட்டிலை விட்டு இறங்க விடவில்லை, சாப்பாடு கட்டிலுக்கே வந்துவிடும், குழந்தை அழுதால் தூக்கிக் கையில் கொடுக்க ஆள் தயாராக இருந்தது. தண்ணீரை மட்டும் அளந்துதான் கொடுத்தார்கள். பச்சை உடம்புக்காரி தண்ணீரை அள்ளிக் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று எங்கள் பக்கம் இன்னும் பல வீடுகளில் நம்புகிறார்கள். சித்திரை மாதத்து வெயிலில், பால் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் ஒரு நாளைக்கு ஒரு சொம்பு, ஒன்றரை சொம்பு தண்ணீரில் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போது இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா எனக்குப் போன் செய்தது எட்டாம் நாள். டாக்டரைக் கேட்டீர்களா என்று கேட்டேன். “வயித்துல மட்டும் கை வைக்கக் கூடாதுன்னாங்க, மத்தபடி மெதுவா தேய்ச்சுக்கலாம்னு சொன்னாங்க” என்றார். சரி, பத்தாம் நாள் வருகிறேன் என்றேன்.

முதல் வருகை: பத்தாம் நாள்

போனதும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கேட்டேன். காய்ச்சல் இருக்கிறதா, தையலில் நீர் வடிகிறதா, சர்க்கரை, பிரஷர், எந்த எண்ணெயாவது ஒத்துக்கொள்ளாதா, மார்பில் பால் கட்டியிருக்கிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது, அதில் பாதிக்கு மேல் அம்மா சொன்னவை. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டேன். பீரோவில் எங்கேயோ இருக்கிறது, அப்புறம் எடுத்துத் தருகிறேன் என்றார்கள், நானும் விட்டுவிட்டேன்.

தையல் இருப்பதால் குப்புறப் படுக்க வைக்கவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை, இரண்டு முழங்காலுக்கு நடுவில் ஒன்று. வெதுவெதுப்பான நல்லெண்ணெய். முதுகு, தோள், கழுத்து, கை எல்லாம் முடித்துவிட்டு, கடைசியில் இரண்டு கால்களையும் பாதத்திலிருந்து தொடை வரை நீவிவிட்டேன், கெண்டைக்காலைப் பிசைந்தும் விட்டேன். ஒரு காலுக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

இடையில் அந்தப் பெண் ஒன்று சொன்னார். “அக்கா, இடது பக்கம் தொடை இடுக்குல ஒரு மாதிரி வலிக்குது, இடுப்புக்குப் பின்னாடியும் இழுக்குது.” எப்போதிருந்து என்று கேட்டேன். இரண்டு நாளாக என்றார். பால் கொடுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து உட்காருவதால் இருக்கும் என்று நான் சொன்னேன். அம்மாவும் ஆமாம் ஆமாம் என்றார். அங்கேயே கூடுதலாக ஐந்து நிமிடம் பிசைந்துவிட்டேன்.

இன்னொரு விஷயமும் அன்றைக்கே நடந்தது. கால் தேய்ப்பதற்கு முன்னால் கொலுசைக் கழற்றினேன். முடித்துவிட்டுத் திரும்பப் போடும்போது வலது கொலுசின் திருகாணி சுலபமாகப் பொருந்தியது, இடது கொலுசுக்கு இரண்டு முனையையும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. எண்ணெய்க் கை, வழுக்குகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பு நான்கு நாள் கழித்துத்தான் திரும்ப வந்தது.

இரண்டாவது வருகை: பதினான்காம் நாள்

அன்று போனபோது அவர் கட்டிலில் இடது காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். “ரெண்டு நாளா கால் கனமா இருக்குங்க, நீர் கோத்துக்கிச்சு. நீங்க வந்து உருவிவிட்டா இறங்கிடும்னுதான் பார்த்துட்டிருக்கோம்” என்றார் அம்மா.

கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு கால் பக்கமாக உட்கார்ந்தேன். கொலுசைக் கழற்றப் போனால், வலது கொலுசு கணுக்காலில் சுழன்று ஆடியது, இடது கொலுசு தோலுக்குள் அழுந்திக் கிடந்தது. கழற்றிய இடத்தில் கொலுசின் முத்து முத்தான தடம் அப்படியே வளையமாகப் பதிந்திருந்தது. அப்போதே கையை எடுத்திருக்க வேண்டும். பழக்க தோஷம், பாதத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை ஒரு முறை லேசாக நீவிவிட்டேன். அந்த ஒரு நீவலிலேயே தெரிந்துவிட்டது. சாதாரணக் கெண்டைக்கால் பிசைந்த மாவு மாதிரி கைக்குள் வரும், இது இறுகி, பளபளவென்று, சூடாக இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

எண்ணெயைத் துடைத்துவிட்டு, போர்வையை விலக்கி, இரண்டு கால்களையும் தொடை வரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது இது.

இடது கால் பாதத்திலிருந்து தொடை வரைக்குமே பருத்திருந்தது. புத்தகங்களில் தோல் சிவந்திருக்கும் என்று எழுதியிருக்கும், ஆனால் நம் மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் சிவப்பு அப்படித் தெரியாது. மினுமினுப்பும், லேசாகக் கருநீலம் ஓடிய நிறமும்தான் தெரியும், அதுவும் இன்னொரு காலோடு ஒப்பிட்டால்தான். புறங்கையை வைத்துப் பார்த்ததில் இடது கால் தெளிவாகவே சூடு. கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்தி எடுத்தால் குழி விழுந்து நின்றது. தொடை இடுக்கில் மேலோட்டமாக நீலக் குழாய்கள் புடைத்திருந்தன, வலது பக்கம் அப்படி இல்லை.

தையல் டேப் கேட்டேன், அம்மாயியின் தையல் மெஷினில் இருந்தது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஓர் எலும்பு மேடு இருக்கிறதல்லவா, அதிலிருந்து 10 செ.மீ. கீழே அளக்க வேண்டும். வலது 33.5 செ.மீ., இடது 37 செ.மீ. வித்தியாசம் மூன்றரை. கெண்டைக்கால் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசப்படுவதை டாக்டர்கள் தங்கள் மதிப்பீட்டுப் பட்டியலில் ஓர் அடையாளமாகவே வைத்திருக்கிறார்கள். பாதத்தை மேல்நோக்கி மடக்கிக் கெண்டையில் வலி வருகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நான் செய்யவில்லை. அது நம்பகமானது இல்லை, வலி வராததை வைத்து ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிடும் ஆபத்தும் உண்டு.

அப்புறம் மூச்சைக் கேட்டேன். மூச்சு வாங்குகிறதா, இழுத்து விட்டால் நெஞ்சில் குத்துகிறதா, இருமலில் ரத்தம் வந்ததா, மயக்கமாக வந்ததா. எதுவும் இல்லை. ஒரு நிமிடம் முழுக்க எண்ணியதில் மூச்சு 18, நாடி 96.

கையை எடுத்தது ஏன்

இந்த இடத்தில் கொஞ்சம் அடிப்படையைச் சொல்லியாக வேண்டும்.

நீவுவது, பிசைவது, தேய்த்து அழுத்துவது, தட்டுவது, அதிரவிடுவது என்று ஐந்து வகையாக ஸ்வீடிஷ் மசாஜில் கற்றுக்கொடுப்பார்கள். நீவுவதை எஃப்ளூராஜ், பிசைவதைப் பெட்ரிசாஜ் என்று பிரெஞ்சுப் பெயர்களில் சொல்வார்கள், அந்தப் பெயர்களை இந்த முறையில் நிலைக்க வைத்தவர் 19ஆம் நூற்றாண்டு டச்சு டாக்டர் யோஹான் மெஸ்கர். நம் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்கிற தேய்ப்பிலும் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் உட்பட ஒன்பது முறைகள் இருக்கின்றன. எந்த முறையாக இருந்தாலும் காலை நீவும்போது பெரும்பாலும் பாதத்திலிருந்து மேல்நோக்கியே நீவுகிறோம். கால்களில் இருக்கும் அசுத்த ரத்தக் குழாய்களுக்குள் ஒருவழிக் கதவு மாதிரி வால்வுகள் இருக்கின்றன, நடக்கும்போது கெண்டைத் தசை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும், வால்வு மூடிக்கொண்டு கீழே இறங்க விடாது. நடக்காமல் படுத்திருப்பவருக்கு அந்த வேலையைக் கொஞ்ச நேரம் நம் கை செய்கிறது. கால் கனம் குறைந்து லேசாவது அதனால்தான்.

அதே வேலைதான் இங்கே ஆபத்து. காலின் ஆழத்தில் இருக்கும் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாக நின்றிருந்தால், நாம் மேல்நோக்கி நீவும் நீவல் அந்தக் கட்டியிலிருந்து ஒரு துண்டை உடைத்து அனுப்பிவிடக் கூடும். அது தொடை, வயிறு வழியாக இதயத்தின் வலது பக்கம் போய், அங்கிருந்து நுரையீரல் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். பெரிய துண்டாக இருந்தால் உயிர் போகும். மசாஜுக்குப் பிறகு இப்படி நடந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. மெதுவாகச் செய்தால் பரவாயில்லையா என்று என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண்கள் கேட்பார்கள். பரவாயில்லாத அழுத்தம் என்று ஒன்று இதில் கிடையாது. அந்தக் காலைத் தொடுவதில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு மற்ற இடங்களையும் தேய்ப்பதில்லை.

இந்தப் பெண்ணுக்கு ஏன் வந்திருக்கும்? ரத்தம் உறைவதற்கு மூன்று காரணம் சொல்வார்கள், ஜெர்மன் டாக்டர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் வழங்குவது: ரத்தம் ஓடாமல் தேங்குவது, ரத்தமே சீக்கிரம் உறையும் தன்மைக்கு மாறுவது, குழாயின் சுவரில் காயம். பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போகாமல் காக்க, கர்ப்பத்திலேயே உடம்பு ரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டி வைத்துக்கொள்கிறது, அது இறங்க வாரக்கணக்கில் ஆகும். அதனால் பிரசவத்துக்குப் பின் வரும் முதல் ஆறு வாரம்தான் இதற்கு மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். இவருக்கு அதோடு அறுவை சிகிச்சை, நீண்ட கார் பயணம், பத்து நாள் படுக்கை, தண்ணீர்க் குறைவு எல்லாம் சேர்ந்தது. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் இது பெரும்பாலும் இடது காலில்தான் வரும், ஏனென்றால் இடது காலிலிருந்து வரும் குழாயை வலது காலுக்குப் போகும் தமனி இடுப்புக்குள் குறுக்கே அழுத்திக்கொண்டு போகிறது. உறைவு கெண்டையில் தொடங்காமல் இடுப்புப் பக்கமாகவே தொடங்குவதும் உண்டு, அப்போது முதலில் வருவது தொடை இடுக்கு வலியும் இடுப்பு வலியும்தான். பத்தாம் நாள் அவர் என்னிடம் சொன்ன அதே வலி.

வீட்டில் நடந்த பேச்சு

இதை விவரமாக எழுதக் காரணம் இருக்கிறது, ஏனென்றால் நான் தடுமாறியது இங்கேதான்.

“தேய்க்க வேண்டாங்க. கால்ல ரத்தம் கட்டியிருக்கும்னு சந்தேகமா இருக்கு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்றேன். அம்மாயி உடனே, “ரத்தக்கட்டா? அதுக்குத்தான கண்ணு உருவிவிடச் சொல்றோம். மஞ்சளும் உப்பும் சுட வெச்சுப் பத்து போட்டு, ரெண்டு உருவு உருவினா கரைஞ்சு போயிரும்” என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. தப்பு என் வார்த்தையில். நம் பேச்சில் ரத்தக்கட்டு என்றால் அடிபட்டுக் கன்றிப்போன இடம், பத்து போட்டு நீவிவிடும் சமாச்சாரம். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தேய்க்காதே என்றால் எப்படி நம்புவார்கள்? இன்னொரு சிக்கல், நரம்பு என்ற சொல்லை எங்கள் பக்கம் ரத்தக் குழாய்க்கும் சொல்வார்கள், உணர்ச்சி நரம்புக்கும் சொல்வார்கள். நரம்பில் அடைப்பு என்று சொல்லியிருந்தாலும், நரம்பை எடுத்துவிடு என்றுதான் திரும்ப வந்திருக்கும்.

கொஞ்சம் நிதானித்து வேறு மாதிரி சொன்னேன். “அம்மாயி, அடிபட்ட ரத்தக்கட்டு இல்லீங்க இது. பால் தயிரா உறையற மாதிரி, ரத்தம் ஓடற குழாய்க்குள்ளயே உறைஞ்சு நிக்குதோன்னு சந்தேகம். நான் உருவினா அந்தக் கட்டி கரையாது, பிச்சுக்கிட்டு நெஞ்சுக்கு ஏறிரும்.” அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேத்தியின் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மா மட்டும் விடவில்லை. பிரசவமான பெண்ணுக்குக் கால் வீங்குவது சகஜம்தானே என்றார். நியாயமான கேள்வி. சகஜமாக வரும் நீர் இரண்டு காலிலும் ஒன்று போல வரும், ஒரு காலில் மட்டும் இப்படி வந்தால் டாக்டர் பார்த்தே தீர வேண்டும் என்று சொல்லி, இரண்டு அளவையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். எண்ணைப் பார்த்ததும்தான் அவர் முகம் மாறியது. மாப்பிள்ளை சனிக்கிழமை வருவார், பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்கே போகலாமே என்றார். அன்றைக்குப் புதன்கிழமை.

அந்தப் பெண்ணின் கணவருக்குப் போன் போட்டு நானே பேசினேன். என்ன நோய் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை, பார்த்ததையும் அளந்ததையும் மட்டும் சொன்னேன். பிரசவம் பார்த்த மருத்துவமனை தூரம், காலின் ரத்தக் குழாயைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் இருக்கிற பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு அரை மணி நேரம்தான், அங்கே போகட்டும் என்றேன். அவர் யோசிக்காமல் சரி என்றார்.

காலில் கட்டு எதுவும் போட விடவில்லை, ஒத்தடம் கொடுக்க விடவில்லை, மாடிப்படி இறங்கி நடக்காமல் தம்பியும் இன்னொருவரும் நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். போகும் வழியில் மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஓரமாக நிறுத்தி 108-ஐக் கூப்பிடச் சொன்னேன். கூடவே ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன்: பிரசவ நாள், சிசேரியன், வலி தொடங்கிய நாள், இரண்டு காலின் அளவு, நாடி, மூச்சு. கடைசி வரியில், பத்தாம் நாள் இரண்டு காலும் தேய்க்கப்பட்டது, இன்றைக்கு இடது காலில் ஒரு முறை நீவப்பட்டது என்றும் எழுதினேன். அதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது உண்மை. ஆனால் டாக்டருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும், நெஞ்சு வலி என்று பின்னால் ஏதாவது வந்தால் அவர் அதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அன்றைக்குக் கூலி வாங்கவில்லை.

மருத்துவமனையில்

மாலையே ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். இடது தொடையின் ஆழ் ரத்தக் குழாயில் உறைவு, இடுப்புக்குள் போகும் குழாய் வரை நீண்டிருந்தது. உறைவு இருக்குமா என்று பார்க்க ரத்தத்தில் டி-டைமர் என்று ஒரு சோதனை உண்டு, ஆனால் பிரசவமான பெண்களுக்கு அது எப்படியும் கூடுதலாகத்தான் காட்டும் என்பதால் அதை நம்பி நேரத்தைக் கடத்தாமல் நேராக ஸ்கேனுக்கே அனுப்பியதாக அங்கிருந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். நுரையீரலில் அடைப்புக்கான அறிகுறி இல்லை.

அங்கே கேட்டபோதுதான் இன்னொன்று வெளியே வந்தது. அம்மாவின் தங்கைக்கும் இரண்டாவது பிரசவத்தில் இதே மாதிரி கால் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று நான் கேட்டதே இல்லை.

எனாக்சபாரின் ஊசி, வயிற்றுத் தோலில், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. கூடவே வார்ஃபரின் மாத்திரையும் தொடங்கி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற சோதனை 2-க்கும் 3-க்கும் நடுவில் வந்து நின்ற பிறகு ஊசியை நிறுத்தினார்கள். இரண்டுமே தாய்ப்பால் கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பதால் பால் கொடுப்பதை நிறுத்தவில்லை. அம்மாவுக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது. இந்த மருந்துகள் கட்டியைக் கரைப்பதில்லை, மேலும் வளராமல் தடுக்கின்றன, கரைக்கும் வேலையை உடம்பே மெல்ல மெல்லச் செய்துகொள்கிறது என்று டாக்டர் விளக்கியிருக்கிறார். மருத்துவமனையில் சேர்த்த எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியும், வீட்டுக்குள் நடக்கச் சொல்லியும் சீட்டிலேயே எழுதியிருந்தது.

அடுத்து வந்த மாதங்கள்

ஒரு மாதத்தில் வீக்கம் பெரும்பாலும் இறங்கிவிட்டது. மூன்றாவது மாதம் அம்மா மறுபடியும் கூப்பிட்டார், இப்போதாவது தேய்க்கலாமா என்று. மாத்திரை இன்னும் போய்க்கொண்டிருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு அழுத்திப் பிசைந்தால் உள்ளே ரத்தம் கசிந்து கன்றிப்போகும், அதனால் டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னேன். தோளும் கழுத்தும் மட்டும் லேசாகச் செய்யலாம், கால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அப்படியே செய்தேன்.

ஆறு மாதத்தில் மாத்திரையை நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை இனி எடுக்கக் கூடாது, அடுத்த முறை கர்ப்பமானால் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும், தடுப்பு ஊசி போட வேண்டி வரும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சாயங்காலம் ஆனால் இடது கால் கொஞ்சம் கனப்பதாகச் சொல்கிறார், நீண்ட நேரம் நின்றால் காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை போட்டுக்கொள்கிறார். ஆழ் குழாயில் உறைவு வந்த சிலருக்கு இது வருடக்கணக்கில் நிற்கும்.

என் பக்கத்தில் நடந்த தவறுகள்

பத்தாம் நாளே உறைவு இருந்ததா, நான் தேய்த்தது ஏதாவது செய்ததா என்று அந்த டாக்டரிடம் நேரில் போய்க் கேட்டேன். வலி தொடங்கிய நாளைப் பார்த்தால் இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஒன்றும் ஆகவில்லை என்பதால் நான் செய்தது சரியாகிவிடாது.

பதில்களை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டேன். உடம்புக்கு உரியவர் பக்கத்திலேயே இருந்தார், அவரைத் தனியாகக் கேட்டிருந்தால் வலி எட்டாம் நாளே தொடங்கியதும், எழுந்து நடக்கவே இல்லை என்பதும் முதலிலேயே தெரிந்திருக்கும். இரண்டு காலையும் போர்வையை விலக்கி ஒன்றாகப் பார்க்கவில்லை. ஒரு காலை மூடி ஒரு காலைத் திறந்து தேய்ப்பது கூச்சத்துக்கு மரியாதை என்று நான் கற்றுக்கொண்ட முறை, அது சரியான முறையும்கூட, ஆனால் பார்ப்பது வேறு, தேய்ப்பது வேறு. டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் படிக்காமல் கை வைத்தேன். இதையெல்லாம் விட என்னை உறுத்துவது, வலிக்கிறது என்று அவர் சொன்ன இடத்திலேயே காரணத்தை நானாகச் சொல்லிவிட்டு அழுத்தினேன் என்பதுதான். 16 வருட அனுபவம் அன்றைக்கு என்னை அவசரமாகப் பதில் சொல்ல வைத்தது.

இப்போது மாற்றியிருப்பவை

எண்ணெய்ப் பாத்திரத்தைத் திறப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் கை சும்மா இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கண்ணால் பார்க்காமல் முதல் தேய்ப்பு இல்லை, பீரோவில் இருந்தால் எடுத்து வரும் வரை காத்திருக்கிறேன். வீட்டாரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடமே கேட்கிறேன். இதுவரை எந்த வீட்டிலும் இதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

கொலுசு, மெட்டி இரண்டையும் நானே கழற்றி, தடம் இரண்டு காலிலும் ஒன்று போல இருக்கிறதா என்று பார்க்கிறேன். பையில் டேப் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு கெண்டையையும் அளந்து நோட்டில் தேதியோடு எழுதுகிறேன், முதல் நாள் அளவு இருந்தால்தான் இரண்டாம் நாள் வித்தியாசம் தெரியும். அளவில் வித்தியாசம் இல்லை என்றாலும், ஒரு பக்கத்து வலி, சூடு, தொடை இடுக்கு வலி இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்குத் தேய்ப்பு இல்லை, டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிடுகிறேன். இரண்டு காலும் முகமும் வீங்கி, கூடவே தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அது வேறு கணக்கு. பிரசவத்துக்குப் பிறகும் பிரஷர் ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம், அவர்களை அன்றே பிரஷர் பார்க்க அனுப்புகிறேன்.

ரத்தக்கட்டு என்ற வார்த்தையை விட்டுவிட்டேன். குழாய்க்குள் உறைந்து அடைத்திருக்கலாம் என்றே சொல்கிறேன், தயிர் உதாரணத்தையும் விடுவதில்லை. பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு நீவுவதும் பிசைவதும் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால், முதல் வாரம் முழுக்க இந்தப் பேச்சைத்தான் பழக்குகிறேன். ஒருத்தி அம்மாயியாக உட்காருவாள், இன்னொருத்தி தேய்க்க முடியாது என்று சொல்லிப் புரிய வைக்க வேண்டும். அதில் தேறினால்தான் எண்ணெய்.

நோட்டில் கேள்விகளின் வரிசையையும் மாற்றி எழுதியிருக்கிறேன். முன்பெல்லாம் முதல் கேள்வி, எந்த எண்ணெய் வேண்டும் என்பது. இப்போது முதல் மூன்று: இன்றைக்கு எத்தனை முறை எழுந்து நடந்தீர்கள், எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், உங்கள் அம்மாவுக்கோ சித்திக்கோ அக்காவுக்கோ பிரசவத்தில் ஒரு கால் மட்டும் வீங்கியதுண்டா.